மூன்றாம் எர்ன்ஸ்டும் முதலாம் எர்ன்ஸ்டும் ஒருவரே

விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டின் தந்தை ஒரு பதிவில் மூன்றாம் எர்ன்ஸ்ட் என்றும் மற்றொன்றில் முதலாம் எர்ன்ஸ்ட் என்றும் இருப்பதைக் கண்டு, இவர்கள் இருவரா எனக் கேட்டிருந்தீர்கள். இரு பெயர்களும் ஒரே ஜெர்மானியக் கோமகனைக் குறிப்பவை. எனவே வம்சாவளியில் இரண்டாவது ஆளைச் சேர்க்க வேண்டாம்.

குழப்பத்துக்குக் காரணம் நிலப் பங்கீடாக இருக்கலாம். 1825இல் இவ்வம்சத்தின் கோத்தா-ஆல்டன்பர்க் கிளையின் கடைசிக் கோமகன் நான்காம் பிரெடரிக் வாரிசின்றி இறந்தார். மறு ஆண்டு உறவுக் கிளைகள் நிலங்களைப் பிரித்துக்கொண்டபோது, அதுவரை சாக்ஸ்-கோபர்க்-சால்ஃபெல்டை ஆண்ட எர்ன்ஸ்ட், சால்ஃபெல்டை மைனிங்கன் கிளைக்கு விட்டுக்கொடுத்துக் கோத்தாவைப் பெற்றார். சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்னும் புதிய கோமகனாட்சியில் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியதால், மூன்றாம் எர்ன்ஸ்ட் முதலாம் எர்ன்ஸ்ட் ஆனார். எர்ன்ஸ்டின் மனைவியும் ஆல்பர்ட்டின் தாயுமான லூயிசே, இறந்த பிரெடரிக்கின் அண்ணன் மகள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வம்சத்தில் மண உறவையும் நில உரிமையையும் தனித்தனியே படிக்க இயலாது.

இரு பதிவுகளிலும் பிறப்பு 2 ஜனவரி 1784, இறப்பு 29 ஜனவரி 1844 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். தங்கை விக்டோரியா (விக்டோரியா மகாராணியின் தாய்), தம்பி லியோபோல்ட் (பெல்ஜியத்தின் முதல் மன்னர்) ஆகியோரும் இரண்டிலும் ஒத்துவர வேண்டும்.

ஆனால் இரண்டாம் எர்ன்ஸ்ட் என்ற பெயரில் மட்டும் இதே முடிவுக்கு வந்துவிடாதீர்கள்; அப்பெயரில் இரு வேறு ஆட்கள் உண்டு. 1804இல் இறந்த கோத்தா-ஆல்டன்பர்க் கோமகன் லூயிசேயின் பாட்டனார். 1893இல் இறந்தவரோ ஆல்பர்ட்டின் அண்ணன்.