அமெச்சூர் வானொலி லைசன்ஸ் முடியும் தேதியை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காக வானலையில் மற்றவர்களோடு பேசுவது) அனுமதிப்பத்திரம் கிடைத்துச் சில மாதங்கள்தான். புதுப்பிக்கும் தேதியை மறந்துவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. நீங்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்? தப்பித்தவறி முடிந்துவிட்டால், புதிய தாள் கைக்கு வரும்வரை பேசலாமா?

பதில்:

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இருக்கும் ஒரே தகுதி, நான் ஒருமுறை மறந்தவன் என்பதுதான். 2020இல் 47 நாட்கள். அந்த 47 நாட்களும் ஒன்றும் தெரியாமல் ஜாலியாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். சின்ன வயதில் நிலாவெளிக்கு அப்பால் ஜேர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையக் கோபுரங்களைப் பஸ்ஸிலிருந்து பார்த்து வாய் பிளந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். (2013இல் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது.) அந்தக் கம்பிகள் வழியாகக் குரல் எங்கெங்கோ போகிறது என்று அப்பா சொன்னது மண்டைக்குள் ஏறிவிட்டது. போர்க்காலத்தில் கூரையில் ஒரு முழம் கம்பி கட்டவே துணிவில்லாத ஊர் இது. அதனால் பரீட்சை எழுதி, அழைப்புக்குறி (வானத்தில் நமக்கென்று தரும் பெயர்) வாங்கி, மைக்கைக் கையில் பிடித்தபோது எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. இவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியதை மறப்பேனா என்று நினைத்தேன். மறந்தேன்.

போனில் நினைவூட்டல் போட்டிருந்தேன், அதுவும் சரியாகவே அடித்தது. அடித்த நேரம் நான் மூதூர் பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கை மேல் கம்பியில், மறு கையின் பெருவிரலால் தட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்ததாக ஞாபகம். அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளின் வருமான அனுமதிப்பத்திரத்தை மட்டும் நான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. அது வண்டியின் முன்னால் ஒட்டியிருக்கிறது, தினமும் கண்ணில் படுகிறது. தவறவிட்டால் அனுராதபுரச் சந்தியில் பொலிஸ்காரர் கை காட்டுவார். கரண்ட் பில் கட்டாவிட்டால் சிவப்பு அறிவித்தல் வரும், பிறகு வயரையே வெட்டிவிடுவார்கள். ரேடியோ அப்படி இல்லை. தேதி முடிந்த அடுத்த நாள் காலையும் சுவிட்சைப் போட்டால் அதே வெளிச்சம், அதே இரைச்சல், கூப்பிட்டால் அதே ரஷ்யாக்காரர் பதில் சொல்கிறார். வானத்தில் சந்தியும் இல்லை, சந்தியில் நிற்கும் பொலிஸும் இல்லை. அதனால்தான் மறக்கிறோம் என்பது என் எண்ணம்.

நான் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். 2020 நவம்பர் கடைசியில் புரெவி புயல் எங்கள் பக்கம் வருகிறது என்று அறிவித்தல் வந்தது. கிழக்கில் புயல் என்றால் வீட்டில் முதல் வேலை, காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப்பத்திரங்கள், பாங்க் புத்தகங்கள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி உயரத்தில் வைப்பது. மனைவி ஒவ்வொன்றாக எடுத்துத் தர நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் லைசன்ஸ் தாளை எடுத்தவர் உடனே தரவில்லை. "இஞ்ச பாருங்க, இது ஒக்டோபரோட முடிஞ்சு போச்சே. இதையும் கட்டி வைக்கவா?" என்றார். கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டார். அன்றைக்கு நவம்பர் 30. தாளில் ஒக்டோபர் 14.

யாரோடு எப்போது பேசினேன் என்று எழுதி வைக்கும் பதிவேட்டை உடனே எடுத்துப் பார்த்தேன். அந்த 47 நாட்களில் 23 தொடர்புகள். அதில் ஒன்று, வாழ்க்கையில் முதல்தடவையாகக் கிடைத்த தென் அமெரிக்கா.

டிசம்பர் 2ஆம் தேதி இரவு புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறியது, நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். பயந்த அளவுக்கு இல்லை என்று பிறகு எல்லாரும் சொன்னோம். ஆனால் அந்த இரவு யாருக்கும் அது தெரியாது. கரண்ட் போய்விட்டது. கார் பற்றரியில் ரேடியோவைப் போட்டு 7 மெகாஹேர்ட்ஸில் காது வைத்தேன். கேட்பதற்கு மட்டும் என்றால் அது ஓர் அம்பியர் அளவுதான் குடிக்கும். 100 வாட்டில் பேசினால் 20 அம்பியர் வரை இழுக்கும். பற்றரி பேசாதவனுக்குத்தான் நன்றாக உழைக்கிறது. அந்த இரவு என் பற்றரி விடியவிடிய உழைத்தது.

நண்பர்கள் சிலர் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். திருகோணமலையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு என் அழைப்புக்குறியைச் சொன்னார் ஒருவர். "ஃபோர் எஸ் செவன்..." என்று தொடங்கி முழுதாக, இரண்டு தடவை. எனக்கு அவர் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்கிறது. மைக் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. நான் வாய் திறக்கவில்லை. பிறகு கொஞ்சம் கவலையோடு, "பதில் இல்லை, அன்ரெனா விழுந்திருக்கும்" என்றார். அன்ரெனா விழவில்லை ஐயா, 20 மீற்றர் கம்பியும் இரண்டு தென்னைக்கு நடுவே கம்பீரமாக ஆடிக்கொண்டுதான் இருந்தது.

இதைச் சொன்னால் சிலர் என்னைக் கடிந்துகொள்வார்கள்: "ஆபத்து நேரத்தில் லைசன்ஸ் பார்ப்பதா?" ஆபத்தில் அகப்பட்ட நிலையம் தன் கையில் இருக்கும் எதைக் கொண்டும் உதவிக்குக் கூப்பிடுவதைச் சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் தடுக்கவில்லை. அது சரி. ஆனால் ஆபத்தில் இருந்தது நானா? நான் ஓட்டு வீட்டுக்குள் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கூரை பறந்திருந்தால், பக்கத்து வீட்டில் யாருக்காவது ஒன்று நேர்ந்திருந்தால், யோசிக்காமல் கூப்பிட்டிருப்பேன். சுகம் விசாரிப்பதற்கு அந்த வாசலைப் பாவிக்க எனக்கு மனம் வரவில்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம், அனுமதி இல்லாமல் அலைவரிசையைப் பாவிக்கக் கூடாது என்கிறது. தேதி முடிந்த தாள் அனுமதி ஆகாது. ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: பேசக் கூடாது. விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், காசும் கட்டிவிட்டேன் என்றாலும், கையில் தாளோ வேறு எழுத்துமூல அனுமதியோ வரும்வரை கேட்பதோடு நின்றுகொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அது எங்கள் ஊருக்கே உரியது. திருகோணமலையில் ஒரு பக்கம் கடற்படைத் தளம், சீனக்குடாவில் விமானப்படை, நடுவில் துறைமுகம். இங்கே வீட்டுக்கு மேலே நீளமாகக் கம்பி தொங்கினால் யாராவது ஒருநாள் வந்து கேட்கத்தான் செய்வார்கள். என்னிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள், மரியாதையாகத்தான். தாளைக் காட்டினேன். தேதியைப் பார்த்தார்கள், தலையாட்டிவிட்டுப் போனார்கள். அந்த 47 நாட்களுக்குள் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இன்றைக்கும் யோசிக்க விரும்பவில்லை.

சரி, நினைவில் வைக்கும் வழிக்கு வருவோம். மற்ற நாடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அமெரிக்காவில் பத்து வருடம். இந்தியாவில் இருபது வருடத்துக்கோ ஆயுளுக்கோ எடுக்கலாம். பிரிட்டனில் காலாவதியே இல்லை, ஐந்து வருடத்துக்குள் ஒருதடவை விவரங்கள் சரிதான் என்று உறுதிப்படுத்தினால் போதும். எனக்கு இவற்றில் பொறாமை இல்லை. பத்து வருடம் என்பது மறப்பதற்கென்றே கொடுத்த காலம். அதற்குள் வீடு மாறும், போன் மாறும், மின்னஞ்சல் மாறும். அமெரிக்காவில் தேதி முடிந்த பிறகும் புதுப்பிக்க இரண்டு வருட அவகாசம் உண்டு, ஆனால் அந்த அவகாசத்தில் பேச முடியாது. அதுவும் கடந்தால் உங்கள் அழைப்புக்குறி இன்னொருவருக்குப் போகலாம். எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் வயிற்றைக் கலக்குகிறது. வருடக்கணக்காக வானத்தில் என்னைக் கூப்பிட்ட பெயர் வேறொருவர் வாயில்!

நான் இப்போது செய்வது இதுதான். பதிவேட்டின் ஒவ்வொரு புதுப் பக்கத்தின் தலையிலும், பிள்ளையார் சுழி போடும் இடத்தில், லைசன்ஸ் முடியும் தேதியை எழுதிவிட்டுத்தான் முதல் தொடர்பைப் பதிகிறேன். அச்சடித்த தேதி அல்ல, கையால் எழுதிய தேதி. பேசுகிற அளவுக்குப் பக்கம் புரளும், பக்கம் புரளுகிற அளவுக்குத் தேதி கைவழியாக மண்டைக்குள் போகும். கணினியில் பதிபவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் மைக் கொக்கிக்கு மேலே ஒரு துண்டு ஒட்டலாம். நானும் ஒட்டியிருக்கிறேன், ஆனால் ஆறு மாதத்தில் கண் அதைச் சுவரோடு சுவராக்கிவிட்டது. கோயில் திருவிழாவோடு முடிச்சுப் போட்டு வைக்கச் சொன்னார் ஒருவர். திதியும் நட்சத்திரமும் வருடா வருடம் நகரும், லைசன்ஸ் தேதி நகராது. அதை விட்டுவிட்டேன்.

உண்மையில் பலித்தது வேறு. மட்டக்களப்பில் என்னைவிட மூத்த ஒருவர், வானத்தில் பழகி அண்ணன் ஆனவர். புயலுக்குப் பிறகு அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "தம்பி, உம்மட தேதியை எனக்குத் தாரும், என்ட தேதியை நீர் எழுதி வையும்" என்றார். தன் தேதியை மறப்பவன் அடுத்தவன் தேதியை மறக்கமாட்டான், குறை சொல்லக் கிடைக்கும் சந்தர்ப்பம் அல்லவா! இப்போது இரண்டு மாதம் முன்பே கூப்பிடுகிறார். ரேடியோவில் அல்ல, போனில். நாலு பேர் கேட்க மானத்தை வாங்கக் கூடாதாம். "படிவம் எடுத்தாச்சா?" என்பார். ஒரு வாரம் கழித்து, "காசு கட்டியாச்சா?" தாள் வந்துவிட்டது என்று சொல்லும்வரை விடமாட்டார். போன் மணியைப் பெருவிரலால் தட்டிவிடலாம், அண்ணனைத் தட்டிவிட முடியாது.

ஏன் இரண்டு மாதம்? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருப்பது கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில். எங்களுக்கு அது ஓர் இரவு ரயில் தூரம். நான் மாட்டிக்கொண்ட டிசம்பரில் கொரோனாவால் கொழும்பின் பல பகுதிகள் தனிமைப்படுத்தலில் இருந்தன, போய் நிற்கவும் வழியில்லை. தபாலில் அனுப்பிக் காத்திருந்தேன். தவறு என்னுடையது, அதனால் காத்திருப்பும் என்னுடையது. உங்களுக்குப் பக்கத்தில் என்றால் ஒரு மாதம் போதும்.

2004 டிசம்பர் 26 உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் வங்காள விரிகுடாவுக்கு அப்பால், போர்ட் பிளேயரில், இந்தியாவின் பாரதி பிரசாத் அமெச்சூர் நிலையம் வைத்திருந்தார். அந்தமானில் அமெச்சூர் வானொலிக்கு அப்போது அபூர்வமாகத்தான் அனுமதி கிடைத்தது. உலகத்தோடு பேசி மகிழ்வதற்கென்று அவர் வாங்கிய அனுமதி அது. மற்றத் தொடர்புகள் அறுந்துபோனபோது அந்த நிலையம்தான் உறவினரைத் தேடியவர்களுக்குச் செய்தி கொண்டுபோனது. ஒவ்வொரு வருடமும் அன்று காலை 9.25க்கு நாங்கள் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும்போது இது ஞாபகம் வரும். அப்படியே அலுமாரிக்குப் போய்த் தாளையும் ஒருதடவை பார்த்துவிடுவேன். அது நகராத தேதி.

அந்த 23 தொடர்புகளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டேன். எவருக்கும் உறுதி அட்டை (பேசியதற்குச் சான்றாக அனுப்பும் அட்டை) அனுப்பவில்லை. அட்டை கேட்டவர்களுக்கு, அந்த நாட்களில் என் அனுமதி முடிந்திருந்தது என்று இரண்டு வரி எழுதினேன். தென் அமெரிக்காக்காரர் திருப்பி எழுதினார், தனக்கும் ஒருமுறை நடந்ததாம். அந்தக் கண்டம் எனக்கு இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.