வைஃபை விட்டுவிட்டு வருகிறது: கோளாறு கணினியிலா, லைனிலா?

கேள்வி: ரூட்டர் ஹாலில் இருக்கிறது. படுக்கையறை டெஸ்க்டாப்பில் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் செருகியிருக்கிறோம். ஒரு நாளைக்குப் பலமுறை நெட் நின்று நின்று வருகிறது. அதே அறையில் செல்போனில் தொந்தரவே இல்லை. புது ரூட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். செல்போனில் ஒழுங்காக வருவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வைஃபை தடுமாறினால் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒருநாள் பாருங்கள்.

அடுத்து, இணைப்பு எந்த இடத்தில் அறுபடுகிறது என்று தெரிய வேண்டும். இதைப் பார்க்காமல் செலவு செய்வதுதான் பெரும்பாலும் வீணாகிறது. விண்டோஸில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுங்கள். 'டீஃபால்ட் கேட்வே' வரியில் உள்ள எண்தான் ரூட்டரின் முகவரி. பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். இரண்டு விண்டோ திறந்து, ஒன்றில் அந்த முகவரிக்கும் மற்றதில் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8-க்கும் பிங் (ping) கொடுங்கள்; ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபனும் ஆங்கிலச் சின்ன எழுத்து 'டி'யும் சேர்த்தால், கன்ட்ரோல்-சி அழுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

நெட் நின்றவுடன் இரண்டையும் பாருங்கள். ரூட்டர் பதில் தந்துகொண்டிருக்க, 8.8.8.8-இல் மட்டும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' வந்தால் வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது, லைனில் கோளாறு. ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' (சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்துப் புகார் கொடுங்கள். ரூட்டரிடமிருந்தே பதில் வராவிட்டாலோ, சில மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்த பதில் 300, 400 என்று எகிறினாலோ, சிக்கல் ரூட்டருக்கும் கணினிக்கும் நடுவில்.

அப்படியானால் முதல் சந்தேகம் அடாப்டர் செருகியிருக்கும் இடத்தின் மேல்தான். கணினி கேபினட்டின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி இருந்தால், சிக்னல் அந்த இரும்புப் பெட்டியைச் சுற்றித்தான் வர வேண்டும். பக்கத்து நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம். யுஎஸ்பி 3.0-இல் தரவு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் காப்பி ஆகும்போது நெட் நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால் காரணம் பிடிபட்டது. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, அடாப்டரை மேஜைமேல், ஹார்ட் டிஸ்க் கேபிளிலிருந்து விலக்கி வையுங்கள். ரூட்டருக்கும் அடாப்டருக்கும் நடுவில் இரும்பு பீரோ நிற்காத பக்கமாகப் பார்த்து வைப்பது முக்கியம்.

சும்மா இருந்துவிட்டு மறுபடி உட்காரும்போது மட்டும் இணைப்பு இல்லையென்றால் அது மின்சேமிப்பு அமைப்பின் வேலை. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் ப்ராப்பர்டீஸ் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் அணையுங்கள்.

அடுக்குமாடி வீடென்றால் சானலையும், அதாவது அலைவரிசைக்குள் ரூட்டர் பயன்படுத்தும் பகுதியையும், ரூட்டர் செட்டிங்ஸில் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. அவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, சானல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். இடையில் 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். அடாப்டர் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்குமானால் அதுவே மேல். சுவர்களைத் தாண்டுவதில் மட்டும் அது கொஞ்சம் பலவீனம். அதில் 36 முதல் 48 வரையுள்ள சானல் வையுங்கள். 52 முதல் 144 வரையுள்ளவை ரேடார்களும் பயன்படுத்தும் பகுதி. ரேடார் அலையை உணர்ந்தால் ரூட்டர் அந்தச் சானலை உடனே விட்டு விலக வேண்டும் என்பது விதி; அப்போது இணைப்பு அறுபடும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் அடாப்டருக்கு 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து, அதை இயக்கும் மென்பொருளின் பழைய பதிப்புக்குத் திரும்பிப் பாருங்கள். நெட்வொர்க் அமைப்புகளை எல்லாம் புதிதாக்கும் 'நெட்வொர்க் ரீசெட்' கடைசியில் போதும். அது சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளையும் அழித்துவிடும், முதலில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப் இடம் மாறப்போவதில்லை என்றால், ரூட்டரிலிருந்து சுவரோரமாக ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடலாம். 100 மீட்டர்வரை தாங்கும். மேலே சொன்ன வைஃபை வேலை எதுவுமே தேவைப்படாது.