மாமியின் பேணி குப்பை, மருமகனின் எஞ்சின் சொத்தா?

கேள்வி: சித்திரை வருடப்பிறப்புக்குக் கனடாவில் இருந்து மச்சான் குடும்பம் வருகிறது. வீட்டில் கால் வைக்க இடமில்லை. எழுபது வயது மாமி ஒரு பால்மாப் பேணியைக்கூட எறிய விட மாட்டார். பிள்ளைகள் போனை விட்டு எழும்ப மாட்டார்கள். மனைவியைக் கேட்டால் ‘அம்மாவைக் கேளுங்கோ’ என்கிறார். எல்லோரும் சேர்ந்து வீட்டை ஒதுக்க ஒரு வழி சொல்லுங்கள். (விறாந்தையில் கழற்றி வைத்திருக்கும் என் மோட்டார் சைக்கிள் எஞ்சினில் மட்டும் கை வைக்கக்கூடாது. அது தேவைப்படும்.)
— வாசகர், பெரியகல்லாறு, மட்டக்களப்பு

பதில்: தம்பி, உங்கள் சிக்கல் முழுவதும் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். உங்கள் வீட்டில் மாமி வைத்திருந்தால் குப்பை, மருமகன் வைத்திருந்தால் உதிரிப்பாகம். அந்த எஞ்சின் எத்தனை வருடமாக அங்கே கிடக்கிறது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பங்குனி முடிவதற்குள் பூட்டி ஓட விடுங்கள். முடியாது என்றால் பழைய இரும்பு எடுக்கிறவரைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க நீங்களே தூக்கிக் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களின் அலுமாரியைத் திறக்கச் சொல்லும் வாய் உங்களுக்கு வரும்.

இன்னொன்று. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். உங்கள் வீடும் அப்படி வந்ததுதான் என்றால், நீங்கள் ‘குப்பை’ என்று கைகாட்டுவது மாமி கட்டி, வாழ்ந்து, மகளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டின் உள்ளே இருக்கிற சாமானை. உங்கள் மனைவி ‘அம்மாவைக் கேளுங்கோ’ என்றதை நழுவல் என்று நினைத்துவிட்டீர்கள். கேட்க வேண்டிய ஆளைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

மாமியின் வயதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனபோது அவருக்கு இருபது வயதுக்குச் சற்று மேல். 1990 இல் போரால் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற ஊர்க்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு சட்டிகூட மிஞ்சாமல் ஆரம்பத்தில் இருந்து தொடங்கிய தலைமுறை அது. பேணியை எறியச் சொன்னால் அவர்களுக்குக் கை வராது.

ஆகவே மாமியின் சாமானை ஒதுக்கப் போகாதீர்கள். அவருடைய றங்குப் பெட்டியில் இருந்து தொடங்குங்கள், ஆனால் எறிவதற்காக அல்ல. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, நிவாரண அட்டை, கல்யாணப் படம் எல்லாம் ஒரு சொப்பின் பேக்கில் கிடக்கும். போனை விட்டு எழும்பாத பிள்ளைகளை அதே போனோடு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருத்துங்கள். ஒவ்வொரு கடுதாசியையும் விரித்துப் படம் பிடிக்கட்டும், இது யார், எந்த வருடம் என்று கேட்கட்டும். மூலப் பிரதிகளை நீர் புகாத பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். உறுதியை லெமினேட் பண்ணிவிடாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. இந்த வேலை முடிந்த பின்னர் மாமியே நாலு பேணியை எடுத்து வெளியே வைப்பார் என்று நினைக்கிறேன். வைக்காவிட்டாலும் அலுமாரியில் ஒரு தட்டை அவருக்கு விட்டுக் கொடுத்தால் வீடு இடிந்துவிடாது.

பிள்ளைகளின் சாமானை அவர்களே முடிவு செய்யட்டும். புலமைப்பரிசில் பரீட்சை எழுதிப் பல வருடமாகியும் அதற்கான மாதிரி வினாத்தாள் கட்டுகளைப் பல வீடுகளில் கட்டிலுக்குக் கீழே காண்கிறேன். பெரும்பாலும் அவற்றை விட மனமில்லாமல் வைத்திருப்பது பிள்ளை அல்ல, அப்பாதான்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது: வளவு. டயர், சிரட்டை, உடைந்த வாளி, பூச்சட்டித் தட்டு. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை விழுந்ததும் பொரிக்கும். தண்ணீரைக் கவிழ்த்தால் போதும் என்று இருக்காதீர்கள், தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஐப்பசி மழை தொடங்கும்வரை பார்க்கலாம் என்பது நடக்காத காரியம். வெயில் இருக்கிற இப்போதே செய்யுங்கள். மாமி மறுத்தாலும் இதில் நீங்கள் பிடிவாதமாக நிற்கலாம்.

அப்புறம், ஒதுக்கியதை எங்கே கொண்டுபோகிறீர்கள்? கோடிப்புறத்தில் குவித்து நெருப்பு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 இலிருந்து தடை. இருட்டியதும் வாவிக் கரையில் வீசுவது அதைவிடக் கேவலம். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. உக்குவதை வளவிலேயே புதையுங்கள், போத்தலையும் இரும்பையும் விற்றுவிடுங்கள், மிச்சத்தைத் தரம் பிரித்துப் பிரதேச சபை வண்டிக்குக் கொடுங்கள்.

உடுப்பைத் தானம் செய்வதென்றால் தோய்த்து, பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். கடல் வந்த நேரம் முகாம்களுக்கு இறங்கிய மூட்டைகளில் உடுக்கவே முடியாத துணியும் இருந்தது. வாங்கினவர்கள் அதை மறக்கவில்லை.

கடைசியாக மச்சான். அவர் வெளிநாடு போகும்போது விட்டுப்போன கரம்போட்டும் கசெட்டுப் பெட்டியும் அவருக்காக ஒதுக்கும் அறையிலேயே கிடக்குமே? இப்போதே வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, வேணுமா வேண்டாமா என்று கேளுங்கள். வரும்போது பிள்ளைகளுக்குப் பொம்மையும் உடுப்புமாக இரண்டு சூட்கேஸ் நிரப்பிக்கொண்டு வரவேண்டாம் என்பதையும் அதே அழைப்பில் சொல்லலாம். மருமகன் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று கூச்சப்பட்டால், போனை மாமியிடம் கொடுங்கள்.