கார் ஷெட் தரைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் கார் ஷெட்டில் வெறும் சிமெண்ட் தரைதான். எண்ணெய்க் கறை ஒரு பக்கம், பெருக்கப் பெருக்கக் கிளம்பும் தூசி இன்னொரு பக்கம். எபாக்ஸி கோட்டிங் (தரைமேல் இறுகிப் படலமாக ஒட்டிக்கொள்ளும் பிசின் பூச்சு) போட கான்ட்ராக்டர் கேட்பது என் ஒன்றரை மாதச் சம்பளம். 18 சதவீத வட்டியில், மூன்று வருடத் தவணையில் கடன் கிடைக்கிறது. கோர்த்துப் போடும் பிளாஸ்டிக் டைல்ஸ் என்றால் பாதிச் செலவு. நானே பெயின்ட் அடித்தால் கால்வாசி. அவசரத்துக்கென்று கையில் இருப்பது இரண்டு மாதச் செலவுக்கான பணம். எதைச் செய்யலாம்?

பதில்: கடன் வேண்டாம். அவசரப் பணத்திலும் கை வைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் வட்டிக்கு 36 மாதத் தவணை கட்டினால், வாங்குவது 100 என்றால் கட்டி முடிப்பது ஏறத்தாழ 130. அதே தவணைத் தொகையை மாதாமாதம் எடுத்து வைத்தால், வட்டியே வராவிட்டாலும் 28 மாதத்தில் முழுப் பணமும் சேர்ந்துவிடும். சம்பளம் நின்றால் இரண்டு மாதம்தான் தாங்கும் என்ற நிலையில், தரைக்காகப் புதிதாக ஒரு தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதைப் போடுவது என்பதற்கு முன்னால், தரைக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடி சதுரத்துக்குத் தடிமனான பாலித்தீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். காரை நிறுத்தும் இடத்திலும் சுவர் ஓரத்திலும் என இரண்டு மூன்று இடத்தில் செய்வது நல்லது. பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, சிமெண்ட் கறுத்திருந்தாலோ, மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அந்தத் தரையில் அப்படியே போடும் கோட்டிங் கொப்பளித்து உரியும். பழையதைச் சுரண்டி எடுக்கும் கூலியும் மறுபடி போடும் செலவும் உங்கள் தலையில் விழும். ஒரு துண்டு பாலித்தீன் இவ்வளவு பணத்தைக் காப்பாற்றும் என்பதால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் கொட்டேஷனை எடுத்து, தரையைத் தயார் செய்யும் வேலைக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். மெஷின் வைத்து மேல்பரப்பைத் தேய்த்து, எண்ணெயை முழுக்க எடுத்தால்தான் எபாக்ஸி பிடிக்கும். “கழுவிவிட்டுப் போட்டுவிடுவோம்” என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஓடி வந்த காரின் சூடான டயர் படலத்தை இளக்கும். ஆறும்போது அதைப் பிடித்து இழுக்கும். சரியாக ஒட்டாத கோட்டிங் முதலில் பெயர்வது டயர் நிற்கும் அந்த நாலு இடத்தில்தான். நீங்களே அடிக்கும் மெல்லிய பெயின்ட்டுக்கும் இதே கதிதான். கோட்டிங் 10 வருடமும் பெயின்ட் 2 வருடமும் தாங்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், கோட்டிங் செலவு 100, பெயின்ட் செலவு 25 என்றால், வருடத்துக்குக் கோட்டிங் 10, பெயின்ட் 12.5. மலிவு என்று நினைத்ததுதான் இங்கே விலை கூட.

டைல்ஸில் எனக்குப் பிடித்தது, வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம், ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம் என்பது. ஆனால் வெளிர் நிறம் எடுக்காதீர்கள். டயர் ரப்பரிலிருந்து இறங்கும் பழுப்புக் கறை சிலவகை டைல்ஸில் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்குவீர்கள் என்றால் அடியில் ஒரு கனமான பலகை வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், இப்போதைக்கு இந்த மூன்றும் உங்களுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. உங்கள் தொல்லை தூசியும் எண்ணெயும். தூசிக்கு, சிமெண்ட்டுக்குள் ஊறி மேல்பரப்பை இறுக்கும் திரவம் இருக்கிறது. லித்தியம் சிலிகேட் வகை என்று கேளுங்கள். அது மேலே படலமாக நிற்காது, அதனால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. எண்ணெய்க்கு, கசிவைச் சரிசெய்யுங்கள். அதுவரை வண்டிக்கு அடியில் ஒரு தட்டு போதும். இது பளபளக்காது, புதுக் கறையையும் முழுசாகத் தடுக்காது, ஆனால் பெருக்கினால் சுத்தமாக இருக்கும்.

தவணைக்கென்று நினைத்திருந்த தொகையை, அவசரப் பணம் ஆறு மாதச் செலவுக்கு வரும்வரை அங்கேயே போடுங்கள். அதற்குப் பிறகும் எபாக்ஸி வேண்டும் என்று தோன்றினால், தாராளமாகப் போடுங்கள். ஈரச் சோதனை, தேய்ப்பு வேலை, படலத்தின் தடிமன், உரிந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாள் கழித்துக் காரை ஏற்றலாம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். கான்ட்ராக்டருக்குத் தரவேண்டிய கடைசிப் பகுதிப் பணத்தை, கார் சில வாரம் அதன்மேல் வந்து நின்று போன பிறகு தருவதாகப் பேசிப் பாருங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.