மைஎஸ்க்யூஎல் மெமரி ஏறிக்கொண்டே போனால்: ஸ்டோர்ட் புரொசீஜர் கேச்சில் எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

கேள்வி: எங்களுடையது கணக்கு மென்பொருள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி டேட்டாபேஸ். ஒவ்வொன்றிலும் நூறு ஸ்டோர்ட் புரொசீஜர்கள் வரை உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0, 64 ஜிபி ராம், பஃபர் பூலுக்கு 44 ஜிபி. எட்டு ஆப் சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 60 கனெக்‌ஷன். ரீஸ்டார்ட் செய்த ஓரிரு நாள் நன்றாக ஓடுகிறது. அப்புறம் மெமரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, வாரக் கடைசிக்குள் லினக்ஸ் கெர்னலே மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றுவிடுகிறது. பஃபர் பூலைக் குறைத்துப் பார்த்தோம். இரண்டு நாள் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. இன்னொன்று, பகலில் புதிய வாடிக்கையாளர் ஒருவரைச் சேர்த்தால் சில நிமிடம் எல்லோருக்குமே மெதுவாகிறது. மெமரி லீக்தானா? என்ன செய்யலாம்?

பதில்:

லீக்காக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்லும் இரண்டு பிரச்சினைகளுக்கும் ஒரே வேர் இருக்கக்கூடும். மைஎஸ்க்யூஎல் ஸ்டோர்ட் புரொசீஜர்களை (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்து அழைக்கும் நிரல்களை) கனெக்‌ஷனுக்குக் கனெக்‌ஷன் தனித்தனியாகத்தான் கேச் செய்கிறது. சர்வர் முழுவதற்கும் பொதுவான ஒரே கேச் கிடையாது.

எஸ்க்யூஎல் சர்வரிலோ ஆரக்கிளிலோ வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். அங்கே ஒருவர் ஓட்டிய புரொசீஜரின் பிளானை (க்வெரியை எப்படி ஓட்டுவது என்று சர்வர் போடும் திட்டத்தை) அடுத்தவரும் பயன்படுத்திக்கொள்வார். மைஎஸ்க்யூஎல்லில் அப்படி இல்லை. ஒரு கனெக்‌ஷன் முதல் முறையாக ஒரு புரொசீஜரை அழைக்கும்போது, சர்வர் அதை டேட்டா டிக்‌ஷனரியிலிருந்து எடுத்து, பார்ஸ் செய்து (எழுதியதைச் சர்வருக்குப் புரியும் அமைப்பாக மாற்றி), அந்த வடிவத்தை அந்தக் கனெக்‌ஷனின் மெமரியில் வைத்துக்கொள்கிறது. பக்கத்துக் கனெக்‌ஷன் அதே புரொசீஜரை அழைத்தால் மறுபடி முதலிலிருந்து பார்ஸ், மறுபடி ஒரு பிரதி. கேச் ஆவதும் பார்ஸ் செய்த வடிவம் மட்டும்தான். எக்ஸிக்யூஷன் பிளான் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடப்படுகிறது. அதனால் எஸ்க்யூஎல் சர்வர்காரர்களைப் பாடாய்ப் படுத்தும் ‘பழைய பிளான் ஒட்டிக்கொண்டது’ என்ற தொல்லை இங்கே வராது. அதற்குப் பதிலாக மெமரியில் விலை கொடுக்கிறோம்.

இந்தக் கேச்சுக்கு ஒரு வரம்பு உண்டு: ஸ்டோர்ட்_புரோகிராம்_கேச் என்ற செட்டிங். டிஃபால்ட் 256. எண்ணிக்கை என்பதைக் கவனியுங்கள், எம்பி அல்ல. அதுவும் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும், புரொசீஜருக்குத் தனியாக 256, ஃபங்ஷனுக்குத் தனியாக 256. உங்கள் புரொசீஜர் ஒன்று சராசரியாக 150 கேபி எடுக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 256 புரொசீஜருக்கு 37.5 எம்பி. 480 கனெக்‌ஷனுக்கு 18,000 எம்பி, அதாவது ஏறக்குறைய 18 ஜிபி. பஃபர் பூலின் (டேபிள் டேட்டாவை ராமில் வைத்திருக்கும் இடத்தின்) 44 ஜிபியையும் சேர்த்தால் 62 ஆகிவிடுகிறது. உங்கள் மெஷினில் இருப்பதே 64. இதில் எதுவும் கசியவில்லை; எல்லாமே சர்வர் தெரிந்தே வைத்திருக்கும் மெமரிதான்.

ஏன் உடனே நடக்காமல் வாரம் முழுக்க ஏறுகிறது? கேச்சில் புரொசீஜரின் பெயர் டேட்டாபேஸ் பெயரோடு சேர்ந்துதான் பதிவாகிறது. ‘அ’ வாடிக்கையாளரின் பில் போடும் புரொசீஜரும் ‘ஆ’ வாடிக்கையாளருடையதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு புரொசீஜர்கள். ஆப் சர்வரின் கனெக்‌ஷன் பூலில் (திறந்தே வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் கனெக்‌ஷன்களின் தொகுப்பில்) இருக்கும் ஒரு கனெக்‌ஷன் காலையில் ஒருவருக்கும் மாலையில் வேறொருவருக்கும் வேலை செய்கிறது. போன இடத்திலெல்லாம் சேர்த்துக்கொண்டே வருகிறது. அந்தக் கனெக்‌ஷன் மூடப்படும்போதுதான் அதன் கேச் விடுதலையாகும். உங்கள் பூலில் கனெக்‌ஷனுக்கு ஆயுள் வரம்பே இல்லை என்று ஊகிக்கிறேன். முதலில் அதைப் பாருங்கள்.

ஆனால் ஊகத்தை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். முதலில் அளந்துவிடுங்கள். 8.0-இல் மெமரி அளக்கும் கருவிகள் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் (சர்வர் தன்னைத்தானே அளந்து பதியும் இடத்தில்) தாமாகவே ஓடிக்கொண்டிருக்கும். (5.7-இல் பெரும்பாலானவை அணைந்திருக்கும். கான்ஃபிக் ஃபைலில் போட்டு ரீஸ்டார்ட் செய்தால்தான் முழுக் கணக்கு வரும். ஓடும்போது இயக்கினால் அதற்கு முன் எடுத்த மெமரி கணக்கில் வராது.) சிஸ் ஸ்கீமாவில் மெமரி_குளோபல்_பை_கரண்ட்_பைட்ஸ் என்ற வியூவைத் திறங்கள். முதல் வரி அநேகமாக பஃபர் பூலாக இருக்கும். அதற்குக் கீழே மெமரி/எஸ்க்யூஎல்/எஸ்பி_ஹெட்::மெயின்_மெம்_ரூட் என்ற வரி ஜிபி கணக்கில் நின்றால் நாம் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம். பார்ஸ் செய்த புரொசீஜர்கள் உட்காரும் இடம் அதுதான்.

ஒரு புரொசீஜர் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்பதையும் இதே வரியை வைத்து அளந்துவிடலாம். யாரும் தொடாத ஒரு டெஸ்ட் சர்வரை ரீஸ்டார்ட் செய்து, அந்த வரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கனெக்‌ஷன் திறந்து, உங்களுடைய புரொசீஜர்களில் பெரிய ஒன்றை ஒரு முறை அழையுங்கள். எண் ஏறியிருக்கும். அதே கனெக்‌ஷனில் மறுபடி அழையுங்கள், ஏறக் கூடாது. முதல் கனெக்‌ஷனை மூடாமல் இன்னொன்றைத் திறந்து அதே புரொசீஜரை அழையுங்கள். முதல் முறை ஏறிய அளவுக்கு மறுபடி ஏறும். இரண்டையும் மூடுங்கள், பழைய எண்ணுக்கு அருகே இறங்கிவிடும். இப்படி நடந்தால் கேச் தன் வேலையைத்தான் செய்கிறது. நான் சொன்ன 150 கேபிக்குப் பதிலாக உங்கள் சொந்த எண்ணை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. அதே மெயின்_மெம்_ரூட் வரியில்தான் ட்ரிகர்களும் (டேபிளில் வரி சேரும்போதோ மாறும்போதோ தானாக ஓடும் நிரல்களும்) எண்ணப்படுகின்றன. புரொசீஜர் கனெக்‌ஷனோடு ஒட்டியிருக்கிறது என்றால், ட்ரிகர் திறந்த டேபிளோடு ஒட்டியிருக்கிறது. ஒரே டேபிளை ஐம்பது பேர் ஒரே நேரத்தில் தொட்டால் டேபிள் கேச்சில் அதற்கு ஐம்பது பிரதிகள், ஒவ்வொன்றிலும் அந்த டேபிளின் ட்ரிகர்கள் முழுமையாக. வெறும் செலக்ட் ஓடினாலும் ட்ரிகர்கள் ஏறிவிடும் என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். டேபிள்_ஓபன்_கேச் 8.0-இல் டிஃபால்ட்டாகவே 4,000. கணக்கு மென்பொருளில் தணிக்கைக்காக ஒவ்வொரு டேபிளுக்கும் ட்ரிகர் வைப்பது வழக்கம் என்பதால், உங்கள் விஷயத்தில் இதை நான் லேசாக விடமாட்டேன்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ரெப்ளிகா (பிரைமரி என்ற முதன்மை சர்வரின் நகல்) ஒன்றிலும் இதே மாதிரி மெமரி ஏறியிருந்தால் அங்கே செய்யுங்கள்; பிரைமரியில் பகலில் வேண்டவே வேண்டாம். ஆப்பின் கனெக்‌ஷன்களை மட்டும் மூடிவிட்டு அந்த வரியைப் பாருங்கள். சரசரவென்று இறங்கினால் புரொசீஜர் கேச். இறங்காமல் நின்று, ஃப்ளஷ் டேபிள்ஸ் கட்டளை கொடுத்ததும் இறங்கினால் ட்ரிகர். நீண்ட க்வெரி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஃப்ளஷ் டேபிள்ஸ் கொடுத்தால் அது முடியும்வரை இது காத்திருக்கும், பின்னால் வருபவர்களும் வரிசையில் நிற்பார்கள். அதனால்தான் பிரைமரி வேண்டாம் என்கிறேன்.

சரி, புரொசீஜர் கேச்தான் என்று தெரிந்துவிட்டது. பலரும் உடனே ஸ்டோர்ட்_புரோகிராம்_கேச்சை 256-லிருந்து 32 என்று குறைத்துவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். இந்தக் கேச் நிரம்பினால் நெடுநாள் பயன்படாததை மட்டும் வெளியே தள்ளும் புத்தி இதற்குக் கிடையாது. எண்ணிக்கை வரம்பைத் தாண்டியதும் அந்தக் கனெக்‌ஷனின் அந்த வகைக் கேச் முழுவதையும் காலி செய்துவிட்டு மறுபடி தொடங்கும். ஒரு வாடிக்கையாளரின் சாதாரண ஒரு மணி நேர வேலைக்கே 40 புரொசீஜர் வேண்டும் என்றால், 32 வைத்த கேச் நிரம்புவதும் கொட்டுவதுமாகவே இருக்கும். மெமரி குறையும், சிபியு எகிறும். ஒரு கனெக்‌ஷன் ஓரளவு நேரத்தில் உண்மையில் தொடும் புரொசீஜர்கள் எத்தனை என்று பார்த்து, அதைவிடச் சற்று மேலே வையுங்கள். உங்களுக்கு 100-லிருந்து 128-க்குள் எங்கேயோ வரும் என்று நினைக்கிறேன். இது குளோபல் செட்டிங், ரீஸ்டார்ட் தேவையில்லை.

உண்மையான பலன் கனெக்‌ஷன் பக்கம்தான் கிடைக்கும். 480 கனெக்‌ஷனில் ஒரே நேரத்தில் வேலை செய்பவை எத்தனை? த்ரெட்ஸ்_ரன்னிங் என்ற ஸ்டேட்டஸை உச்ச நேரத்தில் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அது சில பத்துகளைத் தாண்டாது; மற்றதெல்லாம் கேச்சை மடியில் வைத்துக்கொண்டு தூங்கும் கனெக்‌ஷன்கள். சர்வருக்கு 60 என்பதை 20 ஆக்கினாலே கேச் மெமரி மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்புறம் ஆயுள். ஜாவாவில் ஹிகாரி பூல் என்றால் டிஃபால்ட் ஆயுள் 30 நிமிடம், டிஃபால்ட் பூல் அளவு வெறும் 10. யாரோ ‘கனெக்‌ஷன் அறுகிறது’ என்று ஆயுளைப் பூஜ்யமாக்கி, அதாவது வரம்பே இல்லாமல் செய்து வைத்திருப்பார்கள். அதைத் திரும்ப அரை மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யலாம்: வாடிக்கையாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை ஓரிரு ஆப் சர்வர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரு கனெக்‌ஷன் தொடும் டேட்டாபேஸ்கள் குறைந்தால் அதன் கேச்சும் வளராது. நூறு புரொசீஜரும் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றே என்றால், காலப்போக்கில் அந்த லாஜிக்கை ஆப் பக்கம் கொண்டுபோவதுதான் சரியான தீர்வு என்பது என் கருத்து. ஆனால் அது இந்த வாரத்து வேலை இல்லை.

ட்ரிகர்தான் காரணம் என்றால் டேபிள்_ஓபன்_கேச்சைப் படிப்படியாகக் குறையுங்கள். ஓபன்டு_டேபிள்ஸ் ஸ்டேட்டஸ் வேகமாக ஏறத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். ட்ரிகருக்குள் இருநூறு வரி எழுதியிருந்தால் அதைப் புரொசீஜராக்கி, ட்ரிகரில் ஒரு கால் மட்டும் வையுங்கள். மைஎஸ்க்யூஎல் 9.1-இல் படிக்க மட்டும் செய்யும் க்வெரிகளுக்கு ட்ரிகரை முழுதாக ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். டேபிள்_ஓபன்_கேச்_ட்ரிகர்ஸ் என்று தனி வரம்பும் வந்திருக்கிறது.

இனி, புதிய வாடிக்கையாளர் சேரும்போது எல்லோருக்கும் மெதுவாவது. சர்வரில் புரொசீஜர் கேச்சுக்கென்று ஒரு பொது வெர்ஷன் எண் இருக்கிறது. எந்த டேட்டாபேஸிலும் ஒரு புரொசீஜரை உருவாக்கினாலோ மாற்றினாலோ நீக்கினாலோ அந்த எண் ஒன்று கூடும். ஒவ்வொரு கனெக்‌ஷனும் தன்னிடம் இருக்கும் பிரதி அந்த எண்ணைவிடப் பழையது என்று கண்டால் அதைத் தூக்கிப்போட்டு மறுபடி பார்ஸ் செய்யும். எது மாறியது என்று அது பார்ப்பதில்லை. நீங்கள் ஒருவருக்காக நூறு புரொசீஜர் உருவாக்கும்போது, சம்பந்தமே இல்லாத 480 கனெக்‌ஷன்களும் தங்கள் கேச்சை மறுபடி கட்டுகின்றன. ஸ்கிரிப்ட் சில நிமிடம் இழுத்தால் அந்த நிமிடங்கள் முழுக்க இதே கதைதான். இரவில் காலி டேட்டாபேஸ்களை முன்கூட்டியே புரொசீஜர்களோடு உருவாக்கி வைத்துவிட்டு, பகலில் அவற்றில் ஒன்றைப் புதியவருக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு ரிலீஸிலும் எல்லாப் புரொசீஜரையும் டிராப் செய்து மறுபடி உருவாக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால், உண்மையில் மாறியதை மட்டும் தொடும்படி திருத்துங்கள்.

இவ்வளவும் செய்து மெயின்_மெம்_ரூட் இறங்கியும், டாப் கட்டளையில் மைஎஸ்க்யூஎல்லின் மெமரி இறங்காமல் இருக்கலாம். அது கிளிப்சியின் (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியின்) மெமரி அலோகேட்டர் பழக்கம். சின்னச் சின்னதாக எடுத்து விடுதலையான இடத்தை அது எல்லா நேரமும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான த்ரெட்கள் இருக்கும் சர்வரில் ஜேஇமாலாக் என்ற இன்னொரு அலோகேட்டருக்கு மாறுவது நல்ல பலன் தரும். சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைலில் எல்டி_பிரீலோட் வழியாக ஏற்றிவிடலாம்; ஒரு ரீஸ்டார்ட் போதும்.

பாதுகாப்புக்கு 8.0.28-இல் வந்த கனெக்‌ஷன்_மெமரி_லிமிட்டையும் பாருங்கள். சாதாரண யூசரின் கனெக்‌ஷன் அந்த அளவைத் தாண்டினால் அதன் க்வெரி எரரோடு நிற்கும்; சர்வர் பிழைத்துக்கொள்ளும். அளந்து முடிக்கும் முன் இதை இறுக்கமாக வைத்தால் நல்ல க்வெரிகளும் அடிபடும்.

டெஸ்ட் சர்வரில் ஒரே கனெக்‌ஷனில் ஒரே புரொசீஜரைத் திரும்பத் திரும்ப அழைக்கும்போது மெமரி ஏறிக்கொண்டே போனால் மட்டுமே லீக் என்று சந்தேகப்படுங்கள். அப்போதும் முதலில் உங்கள் புரொசீஜருக்குள்ளேயே பாருங்கள்: மெமரி இன்ஜினில் உருவாக்கி டிராப் செய்யாத டெம்பரரி டேபிள். அது புரொசீஜர் முடிந்தாலும் கனெக்‌ஷன் மூடும்வரை இருக்கும். அது இல்லை என்றால், 8.0 வரிசையின் கடைசி வெர்ஷனில் அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கேயும் ஏறினால் புரொசீஜரை வரி வரியாகக் குறைத்து, பிரச்சினை நீடிக்கும் மிகச் சிறிய வடிவத்தை எடுங்கள். ஒவ்வொரு நூறு அழைப்புக்கும் மெயின்_மெம்_ரூட் எண் என்ன என்ற பட்டியலோடு மைஎஸ்க்யூஎல் பக் டிராக்கரில் பதிவு செய்யுங்கள். அப்படிப்பட்ட புகாரைத்தான் அவர்களால் உடனே ஓட்டிப் பார்க்க முடியும்.