தலையால் முட்டும் பந்தும் மகளின் தலைவலியும்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பள்ளிக் கால்பந்து அணியில் பின்களத்தில் ஆடுகிறாள். பந்தைத் தலையால் முட்டும் பயிற்சி நடக்கும் நாள்களில் மாலையில் தலைவலிக்கிறது என்கிறாள். மயக்கமோ வாந்தியோ இல்லை, மறுநாள் சரியாகிவிடுகிறது. ‘முட்ட முட்டப் பழகிவிடும்’ என்கிறார் பயிற்சியாளர். பெண்பிள்ளைகளுக்கு இதில் ஆபத்து அதிகமா? ஆட்டத்தையே நிறுத்திவிட வேண்டுமா, டாக்டர்?

பதில்: அம்மா, ஆட்டத்தை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், ஒரு மருத்துவர் அவளைப் பரிசோதித்து அனுமதி தரும்வரை களத்துக்கு அனுப்பாதீர்கள். பந்து பட்ட பிறகு வரும் தலைவலி, மயக்கம் இல்லாவிட்டாலும், மூளை அதிர்ச்சியின் அறிகுறியாக இருக்கலாம். நெற்றித் தோல் பழகும், கழுத்துத் தசை பழகும். மூளை அடிவாங்கிப் பழகுவதில்லை.

மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மென்மையான உறுப்பு மூளை. 410 முதல் 450 கிராம் வரை எடையுள்ள பந்து விரைந்து வந்து மோதும்போது தலை சட்டென்று அசைய, மூளை சற்றுப் பின்தங்கி அசைகிறது. அந்த இடைவெளியில் அதன் நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன. பெரியவர்களின் ஆட்டத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பந்து ஒன்றுதான், ஆனால் அதைத் தாங்கும் கழுத்து ஒன்றல்ல. கழுத்து வலு குறையக் குறையத் தலையின் அசைவு கூடுகிறது. அமெரிக்காவில் ஒரே வயதுள்ள, ஏறக்குறைய ஒரே அளவு பந்தை முட்டிய 49 பெண்களையும் 49 ஆண்களையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், இந்த நரம்பிழைகள் நிறைந்த பகுதியான மூளையின் வெண்பொருளில் மாற்றம் கண்ட இடத்தின் அளவு பெண்களிடம் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. அவை நோயாக வெளிப்படாத நுண்ணிய மாற்றங்கள்தாம். ஆயினும் பெண்பிள்ளைகளின் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் மறதிநோய் போன்ற நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019இல் காட்டிய கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு முழுக்க முழுக்க ஆண்களைப் பற்றியது. அந்த எண்ணை அப்படியே உங்கள் மகளுக்குப் பொருத்திப் பார்த்து அஞ்சாதீர்கள். ஆனால் பெண்களைப் பற்றிய ஆய்வு இவ்வளவு தாமதமானதில் எனக்கு வருத்தம் உண்டு.

அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் 10 வயது வரையிலான குழந்தைகள் பந்தைத் தலையால் முட்டுவதைத் தடைசெய்தது. இங்கிலாந்தில் 2021 முதல், தொழில்முறை வீரர்களே பயிற்சியில் வாரத்துக்கு 10 முறைக்கு மேல் வேகமான பந்துகளை முட்டக் கூடாது என்று வழிகாட்டுகிறார்கள். வளர்ந்த வீரர்களுக்கே கணக்கு உண்டென்றால், 14 வயதுப் பிள்ளைக்குக் கணக்கில்லாமல் இருக்கலாமா என்று பயிற்சியாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

ஒருநாள் மைதான ஓரத்தில் நின்று பாருங்கள். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டு, தாடையை உயர்த்தி, உச்சந்தலையில் வாங்கும் பிள்ளையின் தலை பின்னுக்குப் போய்த் திரும்புவதைக் காணலாம். தாடையைச் சற்று உள்ளிழுத்து, கழுத்தையும் தோளையும் இறுக்கி, கண் திறந்தபடி நெற்றியால் பந்தை எதிர்கொள்ளும் பிள்ளைக்குத் தலையின் அந்த அசைவு குறைகிறது. இந்த முறையை முதலில் லேசான பந்தைக் கையால் எறிந்து பழக்கலாம். கழுத்துக்கு வலுவூட்டும் பயிற்சிகளும் சேரட்டும். அடிபட்ட பிறகு தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினாலும் தூக்கம் கலையாவிட்டாலோ உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அணியில் இடம் போய்விடுமோ என்று பயந்து வலியை மறைக்கும் பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் வாய்திறந்து சொன்னது பெரிய விஷயம். அதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். ‘வலிக்கிறது என்று சொன்னால் உன் இடம் போகாது’ என்று பயிற்சியாளரே அவளிடம், முடிந்தால் அணி முழுவதன் முன்னிலையில், சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.