ஐஎஸ்எல் இருக்கும்போது சந்தோஷ் ட்ரொபியை யார் பார்க்கிறார்கள்?

கேட்ட தம்பி ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் உதைபந்தாட்டத் தொடர்) ரசிகர் போல. இந்தியாவின் பெரிய கழகங்களையே ஃபோனில் பார்க்கலாம், அப்படியிருக்க மாநில அணிகள் மோதும் சந்தோஷ் ட்ரொபியை மெனக்கெட்டுப் பார்க்க என்ன இருக்கிறது என்பது கேள்வி.

நான் பார்க்கிறேன். கிளிநொச்சிப் பக்கம் பின்னேரங்களில் பெடியளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிற ஆள். ஆட்டத்தின் தரம் என்றால் ஐஎஸ்எல்தான், அதில் சண்டை பிடிக்க வரவில்லை. அங்குள்ள கழகங்கள் தங்கள் முன்னணி வீரர்களை மாநில அணிக்கு இலேசில் விடுவதுமில்லை. அதனால் சந்தோஷ் ட்ரொபியில் இறங்குவது பெரும்பாலும் வங்கி ஊழியர், பொலிஸ்காரர், கல்லூரிப் பெடியள், இன்னும் வேலை கிடைக்காதவர்கள். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

வரலாறு சுருக்கமாக: 1941இல் வங்காளத்து உதைபந்தாட்டச் சங்கம் இந்தத் தொடரைத் தொடங்கியது. இன்றைய பங்களாதேஷில் டாங்காயில் பக்கம் இருந்த சந்தோஷ் ஜமீனின் மகாராஜா மன்மதநாத் ராய் சௌத்ரியின் பெயரில் கிண்ணம். மாநிலங்களோடு படையினரின் சர்விசஸ் அணியும் ரயில்வே அணியும் ஆடும். வங்காளம் 2024 முடிவுக்குள் 33 தடவை வென்றுவிட்டது. தமிழ்நாடு ஒரு தடவைகூட இல்லை. மெட்ராசில் அவ்வளவு கழகங்கள் இருந்தும் இது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பார்க்கத் தொடங்குவதென்றால் 2022இல் தொடங்குங்கள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம், மஞ்சேரி பையநாடு மைதானம். நோன்பு காலம், நோன்பு திறந்துவிட்டு வரட்டும் என்று இரவில் ஆட்டம் வைத்தார்கள். அரையிறுதியில் கேரளத்துக்கு எதிராகக் கர்நாடகம் முதல் கோலைப் போட்டதும் மைதானம் அடங்கிப் போனது. அரை மணி நேரமளவில் கேரளத்துக்கு ஜெசின் என்ற பெடியனை மாற்று வீரராக இறக்கினார்கள். இடைவேளைக்கு முன்பே அவருக்கு மூன்று கோல், முடிவில் ஐந்து. கேரளம் 7-3. வெளியே குந்தியிருக்கும்போது மூஞ்சியைத் தொங்கப்போடுகிற என் பெடியளுக்கு இந்த ஆட்டத்தைத்தான் போட்டுக் காட்டுவேன். ஜெசினை அந்த வருடமே கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் எடுத்துக்கொண்டது.

இறுதி ஆட்டம் வங்காளத்தோடு. 90 நிமிடமும் கோல் இல்லை. மேலதிக நேரத்தில் வங்காளம் முந்தியது. முடிய நாலைந்து நிமிடம் இருக்கையில் சஃப்நாத் தலையால் முட்டிச் சமன் செய்தார். பிறகு பெனால்டியில் கேரளம் 5-4. கிண்ணத்தைத் தூக்கிய தலைவர் ஜிஜோ ஜோசப் ஸ்டேட் பாங்க் ஊழியர்.

இந்த வேலை விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 31, ஹைதராபாத் இறுதி ஆட்டத்தில் கடைசி நேரக் கோலால் வங்காளத்துக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர் ரொபி ஹன்ஸ்டா, சாதாரண ஆதிவாசிக் குடும்பத்துப் பெடியன். அந்தத் தொடரில் அவருக்கு மட்டும் 12 கோல். வென்ற அணிக்கு மாநில அரசு வேலை அறிவித்தது. கேரளத்திலும் 2018இல் வென்றபோது வேலையில்லாத வீரர்களுக்கு அப்படித்தான் அறிவித்தார்கள்.

இங்கே எங்கள் பக்கம் நிலைமை வேறு. முரசுமோட்டை, விசுவமடு, முள்ளியவளை என்று எங்கே போனாலும் அணிக்கு 9 பேர் கொண்ட சுற்றுப்போட்டி ஒன்று நடக்கும். அநேகமாக யாரோ ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் மகன் காசு அனுப்புவார், மின்னொளி, ஒலிபெருக்கி வர்ணனை, புது ஜேர்சி எல்லாம் இருக்கும். ஆனால் அடுத்த கிழமை அந்தப் பெடியன் மேசன் வேலைக்குப் போய்விடுவான். மாகாணத்துக்காக ஆடும் வழி இல்லாமல் இல்லை. தேசிய விளையாட்டு விழாவுக்குப் பிரதேச செயலகம், மாவட்டம் என்று வென்று வட மாகாண ஜேர்சி வரை போகலாம். அதற்கு மேல் கையில் இருப்பது சான்றிதழ். "அதை வைச்சு என்ன செய்யிறது அண்ணை?" என்று தாய்மார் கேட்கிறார்கள். பதில் சொல்வது கஷ்டம்.

ஆகவே தம்பி, சந்தோஷ் ட்ரொபியில் பந்து நிறுத்துவது பிசகும், பாஸ் தவறும், அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 2022 ஆட்டங்களை யூரியூப்பில் தேடிப் பாருங்கள். நேரமில்லை என்றால் இறுதி ஆட்டத்தின் முதல் 90 நிமிடத்தை விட்டுவிட்டு மேலதிக நேரத்திலிருந்து பார்க்கலாம், கர்நாடக ஆட்டத்தை மட்டும் ஓட்டிவிடாமல் முழுதாகப் பாருங்கள்.